கடை மாறினால் குற்றமா?

நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன் சித்தூரில் ஒரு பேக்கரியில் மூன்று வருடமாக வேலை பார்த்தான். பெரிய கம்பெனி ஒன்றின் பெயரை உரிமத்தொகை கட்டி வாங்கி உள்ளூர்க்காரர் நடத்தும் கடை. இதைத்தான் பிரான்சைஸ் என்கிறார்கள். அதே பெயரில் திருப்பதியில் வேறொருவர் நடத்தும் கடையில் மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார்கள். போனான். "பழைய முதலாளியின் நோ அப்ஜெக்‌ஷன் கடிதம் வேண்டும், கம்பெனி அக்ரிமென்டில் அப்படி இருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"பையன் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லையே, சார்!" என்றார் தகப்பனார். நாங்கள் இருவரும் ரயில்வேயில் இருந்தவர்கள். வேறு இலாகாவுக்கு மனுப் போடவே மேலதிகாரியின் கடிதம் கேட்பார்கள். அந்தப் பழக்கத்தில் நானும், "வாங்கித்தானே ஆகவேண்டும்" என்று சொல்லிவிட்டேன். பிறகு படித்துப் பார்த்ததில் விஷயம் வேறு.

இங்கே இரண்டு காகிதங்கள் உண்டு. ஒன்று, கம்பெனிக்கும் கடைக்காரருக்கும் உள்ள ஒப்பந்தம். மற்றொன்று பையனின் வேலை உத்தரவு. "அதே பெயரில் உள்ள வேறு கடையின் ஆளை வேலைக்கு வைக்காதே" அல்லது "ஆசைகாட்டி இழுக்காதே" என்ற ஷரத்து முதல் காகிதத்தில் இருக்கும். அது கடைக்காரரைக் கட்டுப்படுத்தும், பையனை அல்ல. செலவு செய்து பழக்கிய ஆளைப் பக்கத்துக் கடைக்காரர் கொத்திக்கொண்டு போகக்கூடாது என்று கம்பெனி நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பவன், அந்த ஷரத்தைக் கண்ணாலும் பார்க்காத தொழிலாளி.

1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஆனால் குஜராத் பாட்லிங் – கோகோ கோலா வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், பிரான்சைஸ் ஒப்பந்தம் நடப்பில் உள்ளவரை போட்டிச் சரக்கைக் கையாளாதே என்ற கட்டுப்பாடு செல்லும் என்றது. அது சரக்கைப் பற்றியது.

ஆட்களைப் பற்றியது 2006இல் டில்லி உயர் நீதிமன்றத்தில் வந்த விப்ரோ – பெக்மன் கூல்ட்டர் வழக்கு. பிரான்சைஸ் அல்ல, விற்பனை ஏஜென்சி. ஒப்பந்தம் முடிந்த பிறகும் இரண்டு வருடத்துக்கு ஒருவர் ஆட்களை மற்றவர் இழுக்கக்கூடாது என்பது ஷரத்து. பெக்மன், தன் கருவிகளில் அனுபவமுள்ளோர் தேவை என்று விளம்பரம் செய்தது. அந்த அனுபவம் விப்ரோ ஆட்களுக்குத்தானே இருக்கும்! ஷரத்து செல்லும், மீறினால் நஷ்ட ஈடு கேட்கலாம், ஆனால் ஊழியர்கள் புது வேலையில் சேர்வதைத் தடுக்க முடியாது என்று நீதிமன்றம் கருதியது. சண்டை இரண்டு கம்பெனிகளுக்குள்தான்.

அமெரிக்காவில் இதே மாதிரி ஷரத்துகளை வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் எதிர்த்ததால், 2018இல் மெக்டொனால்ட்ஸ் உள்ளிட்ட ஏழு உணவுக் கம்பெனிகள் அவற்றை அமல்படுத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டன.

நம் பையனை விசாரித்தேன். திருப்பதிக் கடை வாசலில் தொங்கிய "ஆட்கள் தேவை" பலகையைப் பார்த்து அவனே போய்க் கேட்டிருக்கிறான். எல்லோருக்குமாக வைத்த பலகை ஆளை இழுப்பது ஆகாது என்பது என் எண்ணம். ஆனால் உரிமம் போய்விடுமோ என்று பயப்படும் கடைக்காரரிடம் சட்டப் பிரிவு பேசிப் பயனில்லை.

பையனே கையெழுத்திட்ட பாண்டு என்றால் கதை வேறு. மூன்று வருடம் முடியுமுன் விலகினால் 2 லட்ச ரூபாய் கட்டவேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே கையெழுத்துக்கு முன் படியுங்கள், ஒரு நகல் வாங்குங்கள், அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். விலகும்போது எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். பி.எஃப். பிடித்திருந்தால் அந்த யு.ஏ.என். எண் உங்களுடையது, எந்தக் கடைக்குப் போனாலும் கூடவே வரும்.

பையன் இப்போது திருப்பதியிலேயே வேறு பெயர்ப்பலகை உள்ள கடையில் சேர்ந்திருக்கிறான். கூடுதல் 3,000 இல்லை, 1,500தான்.