பழைய பிக்கப் வண்டிக்கு ஆர்.பி.எம். மீட்டர்: பொருத்துவது எப்படி, பயன் என்ன?

டிராக்டரில் ரொட்டவேட்டர் ஓட்டும்போது, பி.டி.ஓ. 540 சுற்று வருமாறு பேனலில் உள்ள ஆர்.பி.எம். முள்ளைப் பார்த்துதான் எஞ்சினை வைக்கிறோம். அதே விவசாயி நெல் மூட்டை ஏற்றிய பழைய பிக்கப்பை ஓட்டும்போது காதை மட்டுமே நம்புகிறார். காரணம், பழைய டீசல் பிக்கப்புகள் பலவற்றில் அந்த மீட்டரே கிடையாது. வேகம், டீசல் அளவு, சூடு ஆகியவற்றைக் காட்டும் டேஷ்போர்டு, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதைச் சொல்வதில்லை.

காரைக்கால் பகுதியில் இது ஏன் முக்கியம்?

நம் பகுதியில் மலை இல்லை. ஆனால் எஞ்சினைத் திணறவைக்கும் இடங்கள் உண்டு. திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி பக்கத்து வயல்களிலிருந்து சம்பா அறுவடை நெல்லை ஏற்றிக்கொண்டு ஈர மண் பாதையில் வர வேண்டும். வாய்க்கால் மதகு மேட்டில் ஏறி, தார்ச்சாலையைப் பிடிக்க வேண்டும். அப்போது கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் மிதிப்பது பலருக்கும் பழக்கம். சத்தம் குறைவாக இருப்பதால் டீசல் மிச்சமாகிறது என்று தோன்றும்.

உண்மையில் நடப்பது வேறு. சுற்று குறைவாகவும் பாரம் அதிகமாகவும் இருக்கும்போது பிஸ்டன், பேரிங் மீது அழுத்தம் கூடுகிறது. ஆயில் பம்பும் தண்ணீர் பம்பும் எஞ்சின் சுற்றோடுதான் ஓடுகின்றன. எனவே அதிகம் தேவைப்படும் நேரத்தில் ஆயில் அழுத்தமும் குளிர்ச்சியும் குறைகின்றன. டீசல் முழுதாக எரியாமல் கரும்புகை வருகிறது. இப்படி ஓடிய எஞ்சின் அறுவடை நேரத்தில் படுத்தால், மழை மேகத்தின் கீழ் மூட்டைகள் நடுவழியில் நிற்கும். எஞ்சின் வேலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மீட்டரின் விலை சிறியது.

எந்த மீட்டர் வாங்க வேண்டும்?

பெட்ரோல் வண்டி மீட்டர், இக்னிஷன் காயிலிலிருந்து சிக்னல் எடுக்கும். டீசல் எஞ்சினில் அந்தக் காயில் இல்லை. எனவே கடையில் "டீசல் வண்டிக்கு, ஆல்டர்னேட்டர் டபிள்யூ முனையில் இணைக்கும் மீட்டர்" என்று தெளிவாகக் கேளுங்கள். உங்கள் வண்டி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்று மாற்றி அமைக்கும் வசதியும் மீட்டரில் இருக்க வேண்டும்.

ஆல்டர்னேட்டரின் பின்புறம் "டபிள்யூ" என்று பொறித்த முனை உள்ளதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது அந்த முனைக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்தால், 12 வோல்ட் வண்டியில் சுமார் 7 வோல்ட் காட்டும். முனை இல்லை என்றால், ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஆல்டர்னேட்டரைப் பிரித்து உள்சுற்றின் ஒரு ஃபேஸிலிருந்து ஒயர் எடுத்துத் தருவார். இதை நீங்களே செய்ய வேண்டாம்.

பொருத்தும் முறை

1. முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள்.
2. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயரிலிருந்து, 2 அல்லது 3 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக மீட்டருக்கு பிளஸ் கொடுங்கள். நேரடியாக பேட்டரியில் கொடுத்தால், வண்டி நிற்கும்போதும் மீட்டர் மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும்.
3. பெயின்ட் சுரண்டிய சுத்தமான பாடி இரும்பில் எர்த் கொடுங்கள்.
4. டபிள்யூ முனையிலிருந்து சிக்னல் ஒயரை சைலன்சர் குழாய், ஃபேன், பெல்ட் ஆகியவற்றில் படாமல் கட்டிக் கொண்டுவாருங்கள். இரும்புத் தகடைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வாஷர் கட்டாயம்.
5. மீட்டரின் விளக்கு ஒயரை டேஷ்போர்டு விளக்கோடு சேருங்கள்.
6. ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே கண்ணில் படும் இடத்தில், சாலையை மறைக்காமல் மீட்டரைப் பொருத்துங்கள்.

கடலோர உப்புக் காற்றில் வெறும் முறுக்கிச் சுற்றிய ஜாயின்ட் பச்சை பூத்துவிடும். ஒவ்வொரு ஜாயின்ட்டையும் ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். எர்த் போல்ட்டில் கிரீஸ் தடவுங்கள். முள் ஆடினால் முதலில் பார்க்க வேண்டியது எர்த்தைத்தான்.

அளவு சரி செய்தல்

இந்த வேலையைச் செய்யாவிட்டால் மீட்டர் காட்டுவது வெறும் எண்தான். ஆல்டர்னேட்டர் எஞ்சினைவிட வேகமாகச் சுற்றும். எத்தனை மடங்கு என்பது புல்லி அளவைப் பொறுத்தது. உதாரணமாக, எஞ்சின் புல்லி 150 மி.மீ., ஆல்டர்னேட்டர் புல்லி 60 மி.மீ. என்றால் 2.5 மடங்கு. 12 துருவ ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு தரும். ஆக, எஞ்சினின் ஒரு சுற்றுக்கு 15 துடிப்பு. மீட்டரில் 15 என்று அமைக்க வேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு முறை சோதித்துவிடுங்கள். எஞ்சின் நிற்கும்போது அதன் புல்லியில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, பிறகு ஸ்டார்ட் செய்து, ஒளி பாய்ச்சி அளக்கும் கை மீட்டரால் பாருங்கள். ஐடிலிலும் 2000 சுற்றிலும் இரண்டு மீட்டரும் ஒத்துப்போக வேண்டும். அளக்கும்போது துண்டு, வேட்டி நுனி பெல்ட் பக்கம் போகக் கூடாது. பின்னாளில் ஆல்டர்னேட்டரையோ புல்லியையோ மாற்றினால் மீண்டும் அளவு சரி பார்க்க வேண்டும்.

முள்ளை எப்படிப் படிப்பது?

உங்கள் வண்டியின் கையேட்டில் உச்ச இழுவிசை எந்தச் சுற்றில், உச்ச சக்தி எந்தச் சுற்றில் என்று இருக்கும். 2005-ல் வந்த "குட்டியானை" டாடா ஏஸின் 702 சி.சி. இரட்டை சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு இழுவிசை உச்சம் 2000 சுற்றிலும், சக்தி உச்சம் 3200 சுற்றிலும் கிடைக்கும். இந்த இரண்டு எண்களுக்கு இடைப்பட்ட பகுதியில் மீட்டர் கண்ணாடியின் ஓரம் பச்சை டேப் ஒட்டுங்கள். பாரத்தோடு மேடு ஏறும்போது முள் பச்சைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால், உடனே ஒரு கியர் குறையுங்கள். பாரம் இல்லாத சமதளத்தில் பச்சைக்குச் சற்றுக் கீழே ஓட்டுவதில் தவறில்லை.

மீட்டர் காட்டிக்கொடுக்கும் கோளாறுகள்

* கிளட்ச் வழுக்கல்: நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்து வையுங்கள். டயர் அளவு மாறாமல், அதே கியரில் அதே வேகத்துக்கு முள் மேலே நின்றால் கிளட்ச் வழுக்குகிறது.
* பெல்ட் தளர்வு: முள் துள்ளி, சார்ஜ் விளக்கும் மினுக்கினால் பெல்ட்டைப் பாருங்கள். மழை நீர் தெறிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் இது அதிகம்.
* டீசல் ஃபில்டர் அடைப்பு: ஐடில் சரியாக இருந்தும், பாரத்தில் முழுதாக மிதித்தாலும் முன்பு போன சுற்றுக்கு முள் போகவில்லை என்றால் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டையும் சோதியுங்கள்.
* ஐடில் மாற்றம்: எஞ்சின் சூடான பிறகும் ஐடில் ஏறி இறங்கினால், டீசல் லைனில் காற்று புகுந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மீட்டர் பொருத்திய முதல் வாரத்திலேயே நான்கு எண்களை ஒரு தாளில் எழுதி வண்டியில் ஒட்டுங்கள்: சூடான எஞ்சினின் ஐடில், நான்காவது கியரில் 40 கி.மீ.க்கான சுற்று, பச்சைப் பகுதியின் கீழ் எல்லை, மேல் எல்லை. அறுவடைக்கு முன் ஒரு முறை இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால், மூட்டை ஏற்றும் முன்பே கோளாறைச் சரி செய்துவிடலாம். வண்டியை மகனோ டிரைவரோ ஓட்டுவதாக இருந்தால், அவருக்கும் பச்சை டேப்பின் பொருளைச் சொல்லிக் கொடுங்கள்.