பட்டம் சமம், உதவித்தொகை?

கரஸில், அதாவது அஞ்சல்வழியில், வாங்கும் பட்டமும் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டமும் ஒன்றுதான் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்தது. நடத்துவது அங்கீகாரம் பெற்ற நிறுவனமாக இருந்தால் போதும். வேலைக்கு மனுப்போடும்போது இந்தச் சமத்துவம் கைகொடுக்கும். படிக்கும்போதே பண உதவி கேட்டுப் போனால் கதை வேறு.

தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவி உயர்கல்வியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் பின்னர் சேர்க்கப்பட்டார்கள். தொலைநிலைக் கல்வி மாணவிகளுக்கு மட்டும் இடமில்லை. பெண்களின் படிப்பு பாதியில் நிற்கக் கூடாது, இளவயதுத் திருமணம் குறைய வேண்டும் என்று தொடங்கிய திட்டம் இது. வீட்டு நிலைமையால் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டே பி.ஏ. படிக்கிற பெண்ணுக்குத்தானே இந்த ஆயிரம் இன்னும் அவசரம்?

பிளஸ் டூவில் உயர் மதிப்பெண் எடுத்தவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகையும் (இளநிலைக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய்) ரெகுலர் மாணவர்களுக்கு மட்டுமே.

எல்லாக் கதவும் அடைபட்டுவிடவில்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அஞ்சல்வழிக் கல்வியை ஒதுக்கவில்லை. 2010இல் திருத்திய விதிகளின்படி கட்டணத்தைத் திரும்பப் பெற முடிந்தது. புத்தகங்களுக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாயும் அந்த விதிகளில் இருந்தது. கல்லூரி மாணவருக்கு அப்போது மாதாமாதம் கிடைத்த பராமரிப்புப் படிக்குப் பதிலாகத்தான் அந்தப் புத்தகப் பணம். வீட்டிலிருந்து படிப்பவருக்குச் சாப்பாட்டுச் செலவே இல்லை என்ற நினைப்பு போலும்! குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவரின் சம்பளமும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால், வருமானச் சான்றிதழ் வாங்கும்போதே அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கட்டண விலக்கு இருக்கிறது. எல்லாப் படிப்புக்கும் கிடையாது. அந்தந்தப் பருவத்தின் சேர்க்கை அறிவிப்பில் எவை என்று இருக்கும். ஒரு பருவத்தில் ஒரே ஒரு படிப்புக்குத்தான் விலக்குக் கேட்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு படிப்புகளுக்குக் கேட்டால் இரண்டு விண்ணப்பங்களும் தள்ளுபடியாகலாம்.