இரைச்சலும் அலைவும்: ஒரு கலைச்சொல்லின் பொருள் எல்லை

‘நாய்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘இரைச்சல்’ என்பது அறிவியல் தமிழில் வேரூன்றிவிட்ட பெயர்ப்பு ஆகும். வழக்கில் அது செவிக்கு இனிமையற்ற ஒலி. இயற்பியலிலோ, குறிகையை மறைக்கும் ஒழுங்கற்ற ஏற்றத்தாழ்வு. ஆயினும் எது குறிகை, எது அதனை மறைப்பது என்பதைப் பொருளின் இயல்பு மட்டும் முடிவு செய்வதில்லை. ஆய்வாளர் எழுப்பும் வினாவும் முடிவு செய்கிறது.

கோலார் தங்கச் சுரங்கம் இதற்குத் தக்க சான்று. ஏறத்தாழ 2.3 கி.மீ. ஆழத்தில், டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தாரும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தைக் கண்டு 1965இல் அறிவித்தனர். அண்டக்கதிர்த் துகள்களை மேலிருந்த பாறை பெரிதும் தடுத்தமையால் அது இயன்றது. 1980களில் அங்கேயே புரோட்டான் சிதைவு தேடப்பட்டது. அப்போது அதே நியூட்ரினோ நிகழ்வுகள், பிரித்து விலக்க வேண்டிய பின்னணி ஆயின. பொருள் மாறவில்லை; வினா மாறியது.

இதனையொத்த சிக்கல் மின்னூட்ட அடர்த்தி அலைக் கடத்திகளிலும் உண்டு. நையோபியம் டிரைசெலினைடு போன்ற படிகங்களைக் குளிர்வித்தால் எலக்ட்ரான்களின் அடர்த்தி சீரான இடைவெளியில் ஏறி இறங்கும் அலையாக அமைகிறது. மாசு அணுக்கள் அவ்வலையைப் பிடித்து நிறுத்துகின்றன. மின்புலம் ஒரு வாயில் அளவைக் கடந்ததும் அலை நழுவிச் செல்கிறது. ஃபிளெமிங், கிரைம்ஸ் ஆகியோர் 1979இல் இந்நிலையில் மின்னழுத்தத்தை ஆராய்ந்து இரைச்சலைக் கண்டனர். அதில் இருவகை உண்டு. ஒன்று, பல அதிர்வெண்களிலும் பரவிய அகன்ற பட்டை இரைச்சல். மற்றொன்று, குறிப்பிட்ட அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் கூர்மையாகத் தோன்றுவது. இது ‘குறுகிய பட்டை இரைச்சல்’ எனப் பெயர் பெற்றது.

பின்னது ஒழுங்கற்றதன்று. சீரான இடைவெளியில் மேடுகள் அமைந்த பாதையில் செல்லும் வண்டி, தன் விரைவுக்கேற்பக் குலுங்குவதைப் போன்றது அது. மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தினும் மின்னழுத்தம் அலைவுறுகிறது. அலை சுமக்கும் மின்னோட்டம் மிகுந்தால் அதிர்வெண்ணும் அதே விகிதத்தில் உயர்கிறது. எனவே அலையின் நகர்வை அளக்க அது கருவியாகிறது.

ஆகவே இரண்டனையும் ‘இரைச்சல்’ என்றே பெயர்த்தால், அளக்க வேண்டியதை நீக்க வேண்டியதாகப் படிப்போர் கொள்வர். முன்னதற்கு ‘இரைச்சல்’ பொருந்தும். பின்னதற்கு ‘குறுகிய பட்டை அலைவு’ என்பதே பொருத்தம். பழைய பெயரை முதல் ஆட்சியில் ஒருமுறை சுட்டுதல் போதும். சொல்லுக்குச் சொல் நிகர் தேடுவதற்கு முன், அச்சொல் சுட்டும் நிகழ்வை அறிதல் மொழிபெயர்ப்பாளரின் முதற்கடமை ஆகிறது.