சுற்றும் பரிசலை நேரே செலுத்துவது எப்படி?

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் சாமுண்டி மலை, அரண்மனை, மிருகக்காட்சிசாலை, மாலையில் பிருந்தாவனம் என்று சுற்றிக் காட்டி ரயிலேற்றி அனுப்புவது மைசூர்த் தமிழன்பர்களின் வழக்கம். சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு கிடைத்தால் கபினி அணைப் பக்கம் போய் வருகிறவர்களும் உண்டு. அங்கே மீனவர்கள் கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் பரிசலைக் கண்டதும் இளைஞர்களுக்கு ஓர் ஆசை பிறக்கும். பரிசல்காரர் இல்லாமல் தனியாகவே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் என்ன?

ஆசையில் தவறில்லை. ஆனால் அந்த ஆசையை மட்டும் நம்பித் தண்ணீரில் இறங்குகிறவர் கால் மணி நேரம் ஒரே இடத்தில் ராட்டினம் சுற்றிவிட்டு, தோள் வலியோடு கரை சேருவார். கையில் பலம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் தவறு கையில் இல்லை. உட்கார்ந்த இடத்தில் இருக்கிறது.

பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல் முடைந்து, முற்காலத்தில் மாட்டுத் தோலையும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பையோ தார் பூசிய சாக்கையோ போர்த்திவிட்டால் பரிசல் தயார். அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் சில அங்குலத் தண்ணீரிலும் மிதக்கும். பாறைமேலும் வழுக்கிக்கொண்டு போகும். படகைப் போல அடியில் நீளவாட்டுக் கட்டை இல்லாததால், எந்தப் பக்கம் துடுப்புப் போட்டாலும் மறுபக்கம் திரும்பிவிடும்.

கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520-ஆம் ஆண்டை ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ் இந்தப் பரிசலைப் பார்த்து வியந்து எழுதி வைத்திருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம், ஆனால் எப்போதும் சுற்றிக்கொண்டேயிருக்கும், மற்றப் படகுகளைப் போல நேரே போகாது என்பது அவர் கண்டது. பயணியாக உட்கார்ந்து பார்த்தவர் அப்படித்தான் எழுதுவார். துடுப்புப் பிடிக்கும் பரிசல்காரரைக் கேட்டால் வேறு பதில் வரும்.

முன்னால் உட்காருங்கள்

தனியாக ஓட்டுகிறவர் நடுவில் உட்கார்ந்து பக்கவாட்டில் தள்ளக் கூடாது. போக வேண்டிய திசையைப் பார்த்து, விளிம்பை அடுத்தாற்போல், உடம்பை வெளியே சாய்க்காமல் முழங்காலிட வேண்டும். துடுப்பைச் செங்குத்தாகத் தமக்கு நேர் முன்னால் இறக்கி, தண்ணீரைத் தம்மை நோக்கி இழுக்க வேண்டும். கொஞ்சம் வலம், கொஞ்சம் இடம் என்று எட்டு எண் எழுதுவதுபோல் துடுப்பு ஓட வேண்டும். அப்போது பரிசல் தள்ளப்படுவதில்லை, இழுக்கப்படுகிறது. ஓட்டுகிறவர் முழங்காலிட்ட பக்கமே அதற்கு முன்பக்கம் ஆகிவிடுகிறது. தலையை லேசாக ஆட்டிக்கொண்டு பரிசல் நேரே நகரும்.

சொல்ல எளிது. பழக்கத்துக்கு வர நாள் பிடிக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. பத்துப் பேர் ஏறிய பரிசல் தண்ணீரில் அழுந்தி நிற்கும். ஒருவர் மட்டும் இருந்தால் லேசாக மேலெழும்பி நிற்பதால் காற்று அதைச் சருகுபோல் தள்ளிக்கொண்டு போகும். ஆகவே காலை வேளையில், காற்று எழும் முன், நீரோட்டம் இல்லாத இடத்தில், கரையை ஒட்டி ஓட்டிப் பழகுவதே புத்திசாலித்தனம். மிதவைச் சட்டை கட்டாயம். முதல் சில நாள் பரிசலில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கரையிலிருக்கும் பரிசல்காரரிடம் கொடுத்துவிடலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

யானைகளின் ஏரி

கபினியின் பெரிய நீர்ப்பரப்பில் தனியே போக முடியுமா என்று கேட்டால், முடியாது என்பதே பதில். 1974-இல் கட்டி முடிந்த அந்த அணை தேக்கிய நீர், நாகரஹொளே காட்டுக்கும் பந்திப்பூர் காட்டுக்கும் நடுவே பரந்து கிடக்கிறது. இரண்டும் புலிகள் காப்பகங்கள். வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே படகு இறக்குவது குற்றம். அனுமதி பெற்ற படகில், ஓட்டுநரோடு போய்ப் பார்த்து வரலாம்.

சட்டத்தை விட்டாலும், அந்த நீர் புதியவருக்கு ஏற்றதல்ல. அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் தண்ணீருக்குமேல் நிற்கின்றன. மேலே தெரியாத கட்டைகளும் உண்டு. மூழ்கிய பகுதியில்தான் காக்கனகோட்டை இருந்தது. மைசூர் மன்னர்கள் காலத்தில் 'கெத்தா' என்னும் யானை பிடிக்கும் வேட்டை நடந்த இடம் அது. கடைசி கெத்தா 1971-இல் நடந்தது. இன்று கோடையில் நீர் வற்ற வற்றக் கரையில் பசும்புல் தளிர்க்கும். அதை மேய நூற்றுக்கணக்கில் யானைகள் இறங்கி வருகின்றன. குட்டியோடு நீந்தும் யானைக்கூட்டத்தின் குறுக்கே, சுற்றிக்கொண்டு நிற்கும் பரிசலில் தனியாக மாட்டிக்கொண்டவரின் கதி என்னவாகும்! முதலைகளும் உண்டு.

கனடாவில் அல்கொன்குயின் என்றொரு பூங்கா இருக்கிறது, 1893-இல் ஏற்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள். ஒடுங்கிய 'கனூ' படகில் ஒற்றை ஆளாக நாள்கணக்கில் ஏரி விட்டு ஏரி போகிறார்கள். அங்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். கரடிக்கு எட்டாதபடி சோற்று மூட்டையை மரத்தில் தொங்கவிட வேண்டும். ஏரி முடிந்த இடத்தில் படகைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு காட்டு வழியே அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும். நம் பரிசல்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆற்றோடு கீழே போய்விட்டு, பரிசலை முதுகில் ஏற்றிக்கொண்டு, தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஆமை நடப்பதுபோல் தோன்ற, மேலே நடந்து வருவார்கள்.

எப்போது, எங்கே?

மைசூர்க்காரர்கள் பழகுவதற்கு அணைக்குக் கீழே காவிரியிலும் கபினியிலும் பரிசல் ஓடும் துறைகள் உள்ளன. உள்ளூர்ப் பரிசல்காரரைக் கேட்டு, அவர் காட்டும் அமைதியான மடுவில் மட்டும் இறங்க வேண்டும். கன்னடத்தில் 'ஹரிகோலு' என்றோ 'தெப்ப' என்றோ கேட்டால் விளங்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம். கபினி பிறப்பது கேரளத்தின் வயநாட்டில். அங்கே மழை கொட்டினால் இங்கே வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறும். அணை நிரம்பியதும் மதகு திறப்பார்கள். 2019 ஆகஸ்டில் நஞ்சன்கூடில் வெள்ளம் மைசூர் சாலைக்கே வந்துவிட்டது.

அந்த வெள்ளம் திருமகூடலு நரசிப்பூரில் காவிரியோடு கலந்து, ஒகேனக்கல் வழியாக மேட்டூருக்குப் போய்ச் சேருகிறது. காவிரியில் நீர் ஏறினால் ஒகேனக்கல்லிலும் பரிசலுக்குத் தடை போடுவார்கள். பிறந்ததிலிருந்து துடுப்புப் பிடித்தவர்களும் அன்று பரிசலைக் கரையில் கவிழ்த்துவிட்டு, ஆறு இறங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள்.