சக்கலின் கொரிய முதியோரின் தாயகம் திரும்புதல்

சக்கலின் கொரிய முதியோரின் தாயகம் திரும்புதல் என்பது, ரஷ்யாவின் சக்கலின் தீவில் அரை நூற்றாண்டு வாழ்ந்த கொரியர்களில் முதல் தலைமுறையினர், தம் முதுமைக் காலத்தில் தென்கொரியாவுக்குச் சென்று நிலையாகக் குடியேறியதைக் குறிக்கும். 1992-ஆம் ஆண்டு தொடங்கிய இந்தக் குடியேற்றத்தின் வழியாக 4,000-க்கும் மேற்பட்டோர் திரும்பியுள்ளனர். ஜப்பான், தென்கொரியா ஆகிய இரு நாடுகளின் செஞ்சிலுவைச் சங்கங்கள் இதனை நடத்தி வந்தன.

வெளிநாட்டில் முதுமை அடைந்தவர்கள் தாயகம் திரும்பும்போது வீடு, வருமானம், மருத்துவம், மொழி ஆகியவை பற்றிய சிக்கல்கள் எழுவது எங்கும் காணப்படுவதே. சக்கலின் கொரியர்களுக்கு இவற்றோடு வேறொரு சிக்கலும் இருந்தது. 1945 ஆகஸ்ட் 15 அன்றோ அதற்கு முன்போ பிறந்தவர்களே திரும்ப முடியும் என விதி வகுக்கப்பட்டது. அவர்களின் பிள்ளைகளுக்கு அந்த உரிமை வழங்கப்படவில்லை. இதனால் பிறந்த மண்ணுக்குத் திரும்ப விரும்பிய பெற்றோர், பெற்ற பிள்ளைகளைப் பிரிந்து செல்ல வேண்டியதாயிற்று.

பின்னணி

சக்கலின், ஜப்பானின் ஒக்கைடோ தீவுக்கு வடக்கே உள்ள நீண்ட தீவாகும். இரண்டுக்கும் இடையிலான கடல் மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 43 கிலோமீட்டர் அகலம் கொண்டது. ரஷ்ய–ஜப்பானியப் போருக்குப் பின் 1905-இல் கையெழுத்தான போர்ட்ஸ்மவுத் உடன்படிக்கையின்படி, தீவின் தென்பாதி ஜப்பானுக்குச் சென்றது. ஜப்பானியர் அப்பகுதியைக் கராஃபுட்டோ என்று அழைத்தனர். கொரியாவும் 1910 முதல் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது.

சீனாவுடனான போர் நீண்டபோது ஜப்பானில் தொழிலாளர் பற்றாக்குறை ஏற்பட்டது. 1938-ஆம் ஆண்டின் தேசிய அணிதிரட்டல் சட்டத்தைத் தொடர்ந்து, 1939 முதல் கொரியாவில் ஆள்சேர்ப்பு தொடங்கியது. முதலில் நிறுவனங்கள் நேரடியாக ஆள்சேர்த்தன. பின்னர் அரசு அலுவலகங்கள் வழியாக ஆட்கள் அனுப்பப்பட்டனர். 1944-இல் கட்டாயப் பணி ஆணையே நடைமுறைக்கு வந்தது. இவ்வாறு கொண்டுவரப்பட்டோர் கராஃபுட்டோவின் நிலக்கரிச் சுரங்கங்களிலும், காகித ஆலைகளிலும், மரம் வெட்டும் முகாம்களிலும், விமானத்தளப் பணிகளிலும் ஈடுபடுத்தப்பட்டனர். இவர்களில் பெரும்பாலோர் கொரியாவின் தெற்கு மாகாணங்களைச் சேர்ந்தவர்கள். இந்தச் செய்தி பின்னாளில் முக்கியத்துவம் பெற்றது.

1944 ஆகஸ்டில் மேற்குக் கடற்கரைச் சுரங்கங்கள் சில மூடப்பட்டன. அங்கு வேலை செய்த ஏறத்தாழ 3,000 கொரியர்கள் ஜப்பானின் பிற பகுதிகளுக்கு மாற்றப்பட்டனர். அவர்களின் மனைவி மக்கள் தீவிலேயே விடப்பட்டனர். ஓராண்டுக்குள் போர் முடிந்து எல்லை மூடப்பட்டதால், இக்குடும்பங்களில் பல மீண்டும் ஒன்றுசேரவில்லை.

தீவில் விடப்படுதல்

1945 ஆகஸ்டில் சோவியத் படைகள் தீவின் தென்பகுதியைக் கைப்பற்றின. 1946 டிசம்பரில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 1949 வரை ஏறத்தாழ 3 லட்சம் ஜப்பானியர் கப்பல்களில் தாயகம் திரும்பினர். கொரியர்கள் இந்த ஏற்பாட்டில் சேர்க்கப்படவில்லை. அப்போது தீவில் இருந்த கொரியர்களின் எண்ணிக்கை பற்றிய கணிப்புகள் 23,000 முதல் 43,000 வரை வேறுபடுகின்றன.

அவர்களின் நிலை மூன்று காரணங்களால் சிக்கலானது. முதலாவதாக, ஜப்பான் அவர்களைத் தன் குடிமக்களாக ஏற்க மறுத்தது. 1952-இல் சான் பிரான்சிஸ்கோ அமைதி உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, கொரியர்கள் ஜப்பானியக் குடியுரிமையை இழந்ததாகக் கொள்ளப்பட்டது. இரண்டாவதாக, சோவியத் ஒன்றியத்துக்கு வடகொரியாவுடன் மட்டுமே உறவு இருந்தது. தீவில் இருந்தோரின் ஊர்களோ தென்கொரியாவில் இருந்தன. மூன்றாவதாக, சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் ஆட்கள் தேவைப்பட்டதால், தொழிலாளர்களை அனுப்புவதில் சோவியத் அதிகாரிகள் ஆர்வம் காட்டவில்லை.

ஜப்பானியர் ஏறிச்சென்ற கோர்சகோவ் துறைமுகத்துக்கு மேலுள்ள குன்றில் கொரியர்கள் கூடித் தமக்கான கப்பலை எதிர்பார்த்திருந்தனர் என்பது சக்கலின் கொரியர் நினைவில் ஆழப் பதிந்த நிகழ்வாகும். அக்குன்றில் இன்று படகு வடிவிலான நினைவுச்சின்னம் ஒன்று உள்ளது.

தீவில் தங்கியோரில் சிலர் சோவியத் குடியுரிமையையும் சிலர் வடகொரியக் குடியுரிமையையும் பெற்றனர். வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால் ஊர் திரும்பும் வாய்ப்பு போய்விடும் என்று அஞ்சிய பலர், பல ஆண்டுகள் நாடற்றவர்களாகவே வாழ்ந்தனர். நாடற்றவர்கள் தம் வசிப்பிடத்தை விட்டு வெளியூர் செல்வதற்கும் அனுமதி பெற வேண்டியிருந்தது. இதற்கிடையில் அவர்கள் குடும்பம் அமைத்தனர், பிள்ளைகள் பிறந்தனர். 1960-களில் கொரிய மொழிப் பள்ளிகள் மூடப்பட்டபின், அப்பிள்ளைகள் ரஷ்ய மொழியிலேயே கல்வி கற்றனர்.

திரும்பும் முயற்சிகள்

1956-ஆம் ஆண்டின் சோவியத்–ஜப்பான் கூட்டறிக்கைக்குப் பின், தீவில் எஞ்சியிருந்த ஜப்பானியப் பெண்கள் நாடு திரும்ப அனுமதிக்கப்பட்டனர். அவர்களை மணந்திருந்த கொரியர்களும் உடன் செல்ல முடிந்தது. அவ்வாறு 1958-இல் ஜப்பான் சென்றவர்களுள் ஒருவர் பாக் நோ-ஹாக். அவர் டோக்கியோவில் ஒரு சங்கத்தை அமைத்தார். சக்கலினிலிருந்து தென்கொரியாவுக்கு நேரடியாகக் கடிதம் அனுப்ப இயலாத காலத்தில், அச்சங்கத்தினர் கடிதங்களைப் பெற்றுக் கொரியாவில் உள்ள உறவினர்களுக்கு அனுப்பினர். அக்கடிதங்களைக் கொண்டு, திரும்ப விரும்பிய ஏறத்தாழ 7,000 பேரின் பெயர்ப்பட்டியலும் தயாரிக்கப்பட்டது. பின்னர் நடந்த பேச்சுவார்த்தைகளுக்கு இப்பட்டியல் அடிப்படையாக அமைந்தது. பாக் நோ-ஹாக் 1988-இல் காலமானார்.

1975-இல் ஜப்பானிய அரசுக்கு எதிராக டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கு பல ஆண்டுகள் நடந்து இச்சிக்கலை ஜப்பானிய மக்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. திரும்புவதற்கான வழி திறக்கத் தொடங்கிய நிலையில், 1989-இல் வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் போட்டிகளில் சோவியத் ஒன்றியம் பங்கேற்றது. 1989-இல் ஜப்பான், தென்கொரியச் செஞ்சிலுவைச் சங்கங்கள் கூட்டு அமைப்பு ஒன்றை ஏற்படுத்தின. முதியோர் சில வாரங்கள் ஊர் சென்று உறவினரைக் கண்டு திரும்பும் பயணங்கள் இதன் வழியாக நடைபெற்றன. 1990 செப்டம்பர் 30 அன்று சோவியத் ஒன்றியமும் தென்கொரியாவும் தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டன.

நிலையான குடியேற்றம்

1992-இல், துணையின்றித் தனித்து வாழ்ந்த முதியோர் 70-க்கும் மேற்பட்டோர் தென்கொரியாவின் சுன்சியோன் நகரில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் குடியமர்த்தப்பட்டனர். இதுவே குழுவாக நடந்த நிலையான குடியேற்றத்தின் தொடக்கமாகும்.

அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானும் தென்கொரியாவும் பொறுப்புகளைப் பகிர்ந்துகொண்டன. கட்டுமானத்துக்கான பணத்தை ஜப்பான் அளித்தது. நிலத்தைத் தென்கொரியா வழங்கியது. ஜப்பான் இதனை மனிதநேய உதவி என்றே குறிப்பிட்டது. இது சட்டப்படியான பொறுப்பு என்றும், இழப்பீடு தரப்பட வேண்டும் என்றும் சக்கலின் கொரியர் அமைப்புகள் தொடர்ந்து வலியுறுத்தி வந்துள்ளன.

இந்நிதியில் இரண்டு முக்கியமான இடங்கள் உருவாயின. இன்சியோனில் 100 பேர் தங்கக்கூடிய பராமரிப்பு இல்லம் 1999-இல் திறக்கப்பட்டது. நோயுற்றோரும் பிறர் உதவி தேவைப்படுவோரும் இங்குச் சேர்க்கப்பட்டனர். சியோலுக்குத் தெற்கே உள்ள அன்சான் நகரில், 489 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் 2000-ஆம் ஆண்டு மக்கள் குடியேறினர். இது 'சொந்த ஊர்' என்னும் பொருள்படும் 'கோஹியாங் மாயுல்' என்ற பெயரால் அழைக்கப்படுகிறது. பின்னர் பாஜு, கிம்போ, புசான் முதலிய இடங்களிலும் அரசு வாடகைக் குடியிருப்புகள் ஒதுக்கப்பட்டன.

திரும்பியோருக்குத் தென்கொரியக் குடியுரிமை, குறைந்த வாடகையில் வீடு, வருமானம் குறைந்தோருக்கான அரசு உதவித்தொகை, மருத்துவ உதவி ஆகியவை கிடைத்தன. ஒரு வீட்டுக்கு இருவர் என்ற முறை பின்பற்றப்பட்டதால், துணையை இழந்தவர்கள் முன்பின் அறியாத மற்றொருவருடன் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. முதுமையில், அதுவரை அறிந்திராத ஒருவருடன் வீட்டைப் பகிர்ந்து வாழும் நிலை பலருக்கு ஏற்பட்டது.

வயது வரம்பும் குடும்பப் பிரிவும்

1945 ஆகஸ்ட் 15 கொரியா ஜப்பானிய ஆட்சியிலிருந்து விடுபட்ட நாளாகும். அந்நாளுக்குள் பிறந்தவர்கள் 'முதல் தலைமுறையினர்' எனக் கொள்ளப்பட்டனர். நிர்வாகத்துக்கு எளிதான இந்த வரையறை, குடும்பங்களைப் பல வகைகளில் பிரித்தது. 1945 சூலையில் பிறந்த அண்ணன் திரும்பலாம். 1946-இல் அதே வீட்டில் பிறந்த தம்பிக்கு அந்த உரிமை இல்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உறவினராக வந்து பார்க்கலாமே தவிர, இத்திட்டத்தின்கீழ் குடியேற முடியாது.

பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் 1940-களில் பிரிந்தவர்கள், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் பிள்ளைகளைப் பிரிந்தனர். கொரியாவில் இது 'இரண்டாம் பிரிவு' எனக் குறிப்பிடப்படுகிறது. இதன் காரணமாகத் தகுதி இருந்தும் தீவிலேயே தங்கிவிட்டோர் பலர். கொரியா சென்றபின் தனிமை தாங்காமல் பிள்ளைகளிடமே திரும்பியோரும் உண்டு.

ஆண்டுகள் செல்லச்செல்ல மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. கொரியாவில் பிறந்து வளர்ந்து தீவுக்குச் சென்றவர்கள் ஒவ்வொருவராக மறைந்தனர். பின்னர் வந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளாகத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் அல்லது தீவிலேயே பிறந்தவர்கள். அவர்களைப் பொறுத்தவரை கொரியா நினைவில் இருந்த ஊர் அன்று. பெற்றோர் சொல்லக் கேட்ட ஊர்.

திரும்பியோரின் வாழ்க்கை

திரும்பியோர் பேசிய கொரிய மொழி, பெற்றோரின் வட்டார வழக்கும் ரஷ்ய, ஜப்பானியச் சொற்களும் கலந்ததாக இருந்தது. ஆங்கிலச் சொற்கள் மிகுந்த இன்றைய தென்கொரியப் பேச்சைப் புரிந்துகொள்வது அவர்களுக்குக் கடினமாக இருந்தது. மருத்துவமனையிலும் அரசு அலுவலகங்களிலும் உதவிக்கு ஆள் தேவைப்பட்டது. ஊரில் பெற்றோர் மறைந்திருந்தனர். உடன்பிறந்தோர் மக்களுக்கு இவர்கள் புதியவர்கள். ஆகவே திரும்பியோரின் உறவு வட்டம் பெரும்பாலும் குடியிருப்பில் உள்ள பிற சக்கலின் கொரியர்களாகவே அமைந்தது. ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்ந்தது அவர்களுக்குத் துணையாக இருந்தது. அதேவேளை, சுற்றுப்புறத்தாருடன் கலந்து பழகும் வாய்ப்பு குறைந்தது.

பிள்ளைகளைக் காணச் செல்வதற்கு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகப் பயண உதவி வழங்கப்பட்டது. சொந்தச் செலவிலும் சென்று வரலாம். ஆனால் அரசு உதவித்தொகை பெறுவோர் குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் அத்தொகை நின்றுவிடும். பேரப்பிள்ளைகளுடன் நீண்ட காலம் தங்க விரும்பியவர்கள் வருமானத்தை இழக்க நேரிட்டது. 2014-இல் தென்கொரியாவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே விசா இல்லாப் பயண உடன்பாடு நடைமுறைக்கு வந்தபின் பிள்ளைகள் வந்து செல்வது எளிதானது. உக்ரைன் போரைத் தொடர்ந்து 2022-இல் நேரடி விமானங்கள் நின்றபோது, சில மணிநேரப் பயணமாக இருந்தது வேறு நாடுகளின் வழியாகச் சுற்றிச் செல்லும் செலவு மிகுந்த பயணமாக மாறியது.

சிறப்புச் சட்டம்

சக்கலின் கொரியருக்கு உதவி வழங்கும் சிறப்புச் சட்டம் 2020-இல் தென்கொரிய நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதல் தலைமுறையினர் ஒருவருடன் அவருடைய துணைவரும், நேரடி வாரிசு ஒருவரும், அவ்வாரிசின் துணைவரும் குடியேற இச்சட்டம் வழிசெய்தது. முதன்முறையாகப் பிள்ளைகளுக்குச் சட்டப்படியான இடம் கிடைத்தது. எனினும் பல பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவர்களுள் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இது உடன்பிறந்தோரிடையே புதிய பிரிவை உண்டாக்குவதாகக் குறை கூறப்பட்டது. 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், ஒருவர் மட்டும் என்ற வரம்பை நீக்கிப் பிள்ளைகள் அனைவருக்கும் வாய்ப்பளித்தது.

இத்திருத்தம் வந்தபோது, முதல் தலைமுறையினரில் மிக இளையவருக்கும் வயது 78-ஐத் தாண்டியிருந்தது. அவர்களின் பிள்ளைகளில் பலர் தாமே ஓய்வுபெறும் வயதை எட்டியிருந்தனர். அப்பிள்ளைகளுக்குச் சக்கலினில் வீடும், ஓய்வூதியமும், ரஷ்ய மொழி பேசும் பேரப்பிள்ளைகளும் உள்ளனர். அவர்கள் பெற்றோருடன் சேர்வதென்றால் தம் பிள்ளைகளைப் பிரிய வேண்டும்.

மறைந்தோரின் அஸ்தி

திரும்பாமலேயே தீவில் மறைந்தவர்களின் கல்லறைகள் சக்கலினின் பல ஊர்களில் உள்ளன. தென்கொரிய அரசு அவற்றைக் கண்டறிந்து பதிவு செய்தது. ரஷ்யாவின் ஒப்புதலுடன் 2013 முதல், உறவினர் விரும்பும் கல்லறைகள் தோண்டப்பட்டு, எச்சங்கள் எரியூட்டப்பட்டு, அஸ்தி கொரியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வெளிநாட்டில் இறந்த கொரியர்களுக்காக 1976-இல் சோனான் நகரில் அமைக்கப்பட்ட தேசிய இடுகாட்டில் அவை வைக்கப்படுகின்றன. அன்சானில் வாழ்ந்து மறைந்தவர்களுள் பலரின் அஸ்தியும் அங்கேயே உள்ளது.