உப்புக்காற்று முற்றம் – 9: பாட்டியின் புதன்கிழமை

வெள்ளிக்கிழமை இறைச்சி உண்ணக் கூடாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய கட்டளை. வயற்காட்டு ஊர்களில் அது தவமாக இருக்கலாம். மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடைப்பட்ட எங்கள் கடற்கரையில் அதைத் தவமென்று சொன்னால் சிரிப்பார்கள். ஆட்டுக்கறி கிறிஸ்துமஸுக்கும், கோயில் திருவிழாவுக்கும், கல்யாண வீட்டிலும்தான். மற்ற நாளெல்லாம் சாளை, ஊளி, நெத்திலி. கட்டளையில் மீனுக்குத் தடை இல்லை. ஆகவே ஊரே வெள்ளிக்கிழமை மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்து, திருச்சபைக்குக் கீழ்ப்படிந்த நிம்மதியோடு சாப்பிட்டது.

பாட்டி அதை ஒத்துக்கொள்ளவில்லை. “கெடைக்காத கறிய விடுறதுல என்னல தவம் இருக்கு?” என்று கேட்டுவிட்டுத் தன்னளவில் மீனை விட்டார். வெள்ளிக்கிழமை அவருக்குப் பருப்பும் முருங்கைக்கீரையும். பாட்டாவுக்கு மட்டும் தனியாக மீன் பொரித்துக் கொடுப்பார். மற்றவர்களையும் விடச் சொல்லி ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. கட்டளை ஒரு பக்கம், அதில் தனக்கு நியாயமாகப் பட்டது ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துக்கொள்ளும் இந்தக் குணத்தைத்தான் இந்த வாரம் சொல்ல வந்தேன்.

போன வாரம், நைலான் வலை வந்து வீட்டுத் திண்ணைகளிலிருந்த வலை முடிச்சு வேலையை எடுத்துக்கொண்டு போன கதையை எழுதினேன். அந்த வேலை போன பிறகும் பாட்டியின் நாட்கள் ஓய்ந்துவிடவில்லை. அவருக்குத் தேதி தெரியாது, கிழமைதான் தெரியும். திங்கள் ஆத்துமாக்களுக்கு. செவ்வாய் அந்தோணியாருக்கு. புதன் சகாய மாதாவுக்கு. வியாழன் நற்கருணைக்கு. வெள்ளி பாடுகளுக்கு. சனி மாதாவுக்கு. ஞாயிறு பெரிய பூசை. அன்று கடலுக்குப் போகக் கூடாதென்பது ஊர்க் கட்டுப்பாடு. ஒருவர் எப்போது செத்தார் என்று கேட்டால், “சகாய மாதா நவநாள் முடிஞ்சி வாற வழியிலதான் சேதி வந்திச்சி” என்பார். வருஷத்தை நாம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் புனிதர்கள் எங்கள் கரைக்கு நேற்று வந்தவர்கள் அல்ல. பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் இங்கே வந்து, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, கையில் மணியை ஆட்டிப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் புனிதர்களின் வரலாறுகளைத் தமிழில் தொகுத்து, 1586-ல் பக்கத்துப் புன்னைக்காயலில் அச்சிட்டார். தமிழில் அச்சேறிய மிகப் பழைய நூல்களில் அது ஒன்று. பாட்டி அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை, பெயரும் கேட்டதில்லை. ஆனால் புனிதர்களைப் பற்றிப் பேசும்போது இரண்டு தெரு தள்ளி இருக்கும் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவார். அந்தோணியார் இரக்கக்காரர், ஆனால் காத்திருக்க வைப்பார். சூசையப்பர் அதிகம் பேசமாட்டார், காரியத்தை முடித்துத் தருவார்.

திங்கட்கிழமைக்கு ஒரு செலவு உண்டு. கடலில் போனவர்களுக்குக் கல்லறை கிடையாது. அவர்கள் பெயரில் பூசைக்குப் பணம் கட்டினால் குருவானவர் அந்தப் பெயரை வாசிப்பார். பாட்டியின் தம்பி பெயரும் அப்படித்தான் வாசிக்கப்பட்டது. பாட்டி அதை ஒரு பாக்கியைக் கட்டுவதுபோலச் செய்வார். கண்ணீரெல்லாம் இல்லை. பணத்தைக் கொடுத்து, எழுதிக்கொண்டார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

வியாழக்கிழமையில் மட்டும் ஒரு தகராறு வந்தது. செபமாலையில் நாளுக்கொரு வகைத் தேவ இரகசியங்களைத் தியானிப்பார்கள். பழைய முறையில் வியாழன் சந்தோஷ தேவ இரகசியங்களுக்கு உரியது. 2002 அக்டோபரில் போப் இரண்டாம் ஜான் பால் ‘ஒளியின் மறைபொருள்கள்’ என்று புதிதாக ஐந்தைச் சேர்த்து, அவற்றுக்கு வியாழனைக் கொடுத்து, சந்தோஷத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். கோயிலில் பாட்டி புதியதைச் சொன்னார். வீட்டுக்கு வந்து பழையதையும் ஒருமுறை சொல்லிக்கொண்டார். “அவுக சொன்னதும் ஆச்சி, நம்ம வழக்கமும் போகல” என்று சமாதானம் வேறு. ரோமாபுரியோடு சண்டை போடாமல் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வாரத்தின் முதுகெலும்பு புதன்தான். மாலை நவநாள் முடிந்ததும் மரியாயின் சேனைக் கூட்டம். 1921 செப்டம்பரில் அயர்லாந்தின் டப்ளினில் பிராங்க் டஃப் என்ற அரசு அலுவலர் தொடங்கிய இயக்கம் இது. குருவானவர் அல்ல, பொதுநிலையினர். கூட்டம் உலகெங்கும் ஒரே மாதிரி நடக்கும். ஒரு மேசை, வெள்ளை விரிப்பு, மாதா சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி, இரண்டு பூச்சாடி. செபமாலை. சென்ற வார நடவடிக்கைக் குறிப்பை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக, கடந்த வாரம் என்ன வேலை செய்தோம் என்று வாயால் அறிக்கை சொல்ல வேண்டும். வேலை என்பது வீடு சந்திப்பு: நோயாளி, கோயிலுக்கு வராதவர், சண்டையில் பிரிந்திருப்பவர். தனியாகப் போகக் கூடாது, இருவராகத்தான் போக வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட பெண்கள், வாரம் தவறாமல் பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்று, “ஒரு நோயாளியைச் சந்தித்து அவருடன் செபித்தோம், ஒன்றரை மணி நேரம்” என்று ஏட்டுத் தமிழில் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டில் பேசும் பாட்டிக்கும் அங்கே நிற்கும் பாட்டிக்கும் குரலே வேறாக இருக்கும்.

சேனையின் கைநூலில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. சந்திக்கப் போகும் வீட்டில் பொருளுதவி எதுவும் செய்யக் கூடாது. பணம், துணி, சாப்பாடு எதுவும். உதவி தருகிற சபை என்று பெயர் விழுந்துவிட்டால், உதவி தேவைப்படாதவர் வீட்டுக் கதவு திறக்காது என்பது அதன் நியாயம். பொருள் கொடுப்பதற்கு வின்சென்ட் தே பவுல் சபை தனியாக இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் சரியான விதிதான். ஆனால் புருஷன் படுத்துவிட்ட வீட்டில், அடுப்பு எரியாத நாளில், செபமாலை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புவது பாட்டியால் ஆகவில்லை.

அவர் விதியை மீறவில்லை. பகலில் கூட்டாளியோடு சேனைக்காரியாகப் போவார். போன இடத்தில் கண்ணால் எல்லாவற்றையும் அளந்துகொள்வார்: அரிசிப் பானை மூடி எந்த நிலையில் இருக்கிறது, பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிறதா, மருந்துச் சீட்டு இருக்கிறதே, மருந்து எங்கே. இருட்டின பிறகு, தூக்குவாளியை முந்தானையால் மூடிக்கொண்டு அதே வீட்டுக்கு மறுபடி போவார். இந்த முறை சேனைக்காரியாக அல்ல, அத்தையாகவோ மதினியாகவோ. எங்கள் ஊரில் யாரும் யாருக்காவது ஏதாவது ஓர் உறவு என்பதால் அதற்குப் பஞ்சமில்லை. இந்த இரண்டாவது நடை எந்தக் குறிப்பிலும் ஏறவில்லை. சேனைச் செயலருக்கு அது தெரியும். அவரும் தூக்குவாளி எடுத்தவர்தான்.

அறிக்கை முடிந்ததும் ஒரு துணிப்பை சுற்றி வரும். இரகசியப் பை. கையை உள்ளே விட்டு இயன்றதைப் போட வேண்டும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. இல்லாதவரும் கையை விட்டு எடுக்கலாம். வெறுங்கையா என்று பார்ப்பவர் இல்லை. மீன்பாடு இல்லாத மாதங்களில் பை சுருங்கிப்போகும். அப்போதும் எல்லாக் கைகளும் உள்ளே போய் வரும். பாட்டிக்கு அந்தப் பையின் மேல் பெரிய மதிப்பு. வீட்டில் யாருக்கும் எதையும் கொடுக்கும்போது அடுத்தவர் பார்க்கக் கொடுக்கக் கூடாதென்று எங்களை விரட்டுவார்.

பிறகு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வந்தன. தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய திட்டம், மெல்ல மெல்லக் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது. கூட்டம் நடத்தச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வந்தார். வருகைப் பதிவு, தலைவி, செயலர், பொருளாளர், தீர்மானம், சென்ற கூட்டக் குறிப்பு என்று அவர் விளக்க விளக்கப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதெல்லாம் அவர்கள் புதன்கிழமைதோறும் செய்து பழகியது. மாதா சுரூபம் இருந்த இடத்தில் வங்கிப் புத்தகம், அவ்வளவுதான். எங்கள் கரையில் குழுக்கள் ஓரளவு ஒழுங்காக நடந்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமென்று நினைக்கிறேன். வளர்ச்சித் திட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கோயில் மண்டபத்துப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை.

பாட்டியைத் தலைவியாக்கினார்கள். சேமிப்பு சேர்ந்தது. கடன் வந்தது. கருவாடு போட உப்பும் பாயும் வாங்கினார்கள். ஒருத்தி தையல் மிஷின் வாங்கினாள். தகராறு கடனைத் திருப்பும் இடத்தில் வந்தது. தவணை தவறியவர் பெயரைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து பொறுப்பேற்ற கடன் அது, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களுக்கும் அடுத்த கடன் கிடைக்காது என்பதால் அந்த வாசிப்பில் நியாயம் இருந்தது. முதல் முறை வாசித்தபோது, பெயருக்குரியவள் எழுந்து பின்பக்கமாகப் போய் நின்றாள். அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

பாட்டி குழுவில் பேசிப் பார்த்தார். “கொடுக்கவ பேர மறைக்கத் தெரியுத நமக்கு, கட்ட முடியாதவ பேர மறைக்கத் தெரியாதா?” பயிற்சி கொடுத்த பெண் பொறுமையாக விதியை விளக்கினார். அவர் சொன்னது தப்பில்லை. வெளிப்படையாக இருப்பதால்தான் அந்தக் குழுக்கள் வட்டிக்காரர்களிடமிருந்து பெண்களை மீட்டன. பாட்டி கேட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை மீனில் செய்ததையே இங்கும் செய்தார்: குறிப்பில் விதி விதியாகவே இருந்தது. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, தவணை நிற்கும் வீடுகளுக்கு அவரே நடந்தார். சிலரிடம் கண்டித்து வாங்கினார். சிலருக்குச் சனிக்கிழமை மீன்பாட்டுப் பங்குப் பணம் வரும்வரை தானே கட்டினார். வாசிக்கும் நாளில் பட்டியல் காலியாக இருந்தது. வங்கி மேலாளர் பாராட்டிவிட்டுப் போனார்.

இது நல்ல ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டி முன்பணம் கட்டிய இரண்டு பேர் திருப்பித் தரவே இல்லை. அந்தப் பணம் அத்தையின் வளைகாப்புக்கென்று ஒதுக்கியது. வீட்டில் பெரிய சண்டை நடந்தது. பாட்டா ஒரு வாரம் பேசவில்லை. அம்மா இன்றைக்கும் அந்த இரண்டு பேரின் பெயரையும் தொகையையும் கேட்காமலே சொல்வார். பாட்டி மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. அடுத்த ஆண்டு தலைவி பதவியை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார், குழுவை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நடக்கும் ஏலச்சீட்டை மட்டும் கூடுதலாகப் பிடித்துக்கொண்டார்.

(தொடரும். அடுத்த வாரம்: சீட்டு எடுத்த வீடுகளும் சீட்டு முறிந்த வீடுகளும்)