விண்ணப்பம் அவளுடையது, ஓ.டி.பி. வேறொருவருக்கு

வீட்டுக்கு வீடு ஸ்மார்ட்போன் வந்துவிட்டதே, இன்னும் என்ன ஏற்றத்தாழ்வு என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். டீயைக் குடியுங்கள், சொல்கிறேன்.

2017-18இல் தேசிய மாதிரி ஆய்வு எடுத்தபோது இந்தியக் கிராமங்களில் நூற்றுக்கு 4.4 வீடுகளில்தான் கணினி இருந்தது. பிறகு மலிவான டேட்டாவும் கொரோனா கால ஆன்லைன் வகுப்பும் போனை எங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. 2024 ‘ஏசர்’ கல்வி ஆய்வின்படி, கிராமத்தில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரியும். அவர்களில் முந்தைய வாரம் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 சதவீதம். இதற்காக அவர்களைத் திட்ட வேண்டாம். வசதியான வீட்டிலும் ரீல்ஸ்தான் ஓடுகிறது. வித்தியாசம் வேறு இடத்தில் தெரியும்.

நம் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 முதல் அது ஆன்லைன். எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்று விருப்பப் பட்டியலைப் பிள்ளையே வரிசைப்படுத்த வேண்டும். வரிசை பிசகினால் கிடைக்க வேண்டிய இடம் போய்விடும். வங்கி அதிகாரியின் மகள் போன வருஷக் கட்-ஆஃப்களை எக்செல்லில் போட்டு, அப்பாவோடு உட்கார்ந்து, ராத்திரியெல்லாம் மேலே கீழே மாற்றிப் பார்க்கிறாள். கட்டட வேலைக்குப் போகிறவரின் மகளுக்கு அந்த வாய்ப்பு எங்கே? வீட்டின் ஒரே போன் காலையில் அப்பாவோடு போய்விடும். அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டருக்குப் போய், “நீங்களே போட்டு விடுங்கண்ணே” என்பாள்.

அந்த அண்ணனும் நல்லவர்தான். பின்னால் வரிசை நிற்கிறது, அவசரம். மின்னஞ்சல் கணக்கை அவரே தொடங்கி, பாஸ்வேர்டை ஜெராக்ஸ் தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுப்பார். போன் கைவசம் இல்லையென்றால் தன் நம்பரையே போட்டுவிடுவார். அடுத்த வருஷம் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது ஓ.டி.பி. அவருக்குப் போகும். இத்தனைக்கும் வாட்ஸ்அப்பில் அந்தப் பெண் உங்களையும் என்னையும்விடக் கெட்டிக்காரி.

வருமானம் பொருளை மட்டும் வாங்கித் தருவதில்லை, தப்புச் செய்து பழகுவதற்கான அவகாசத்தையும் தருகிறது. போன் உடைந்தால் ஒரு வாரக் கூலி போகும் வீட்டில், பிள்ளை எதையும் நோண்டிப் பார்க்கப் பயப்படும். இன்னொன்று, ஃபைல், ஃபோல்டர், மெயில் எல்லாம் அப்பாவோ அம்மாவோ அன்றாடம் செய்யும் வேலையாக இருந்தால், யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைக்கு ஒட்டிக்கொள்கிறது. பெண் பிள்ளையென்றால் தடை இன்னும் ஒரு படி கூடுதல். 14 முதல் 18 வயதுக் கிராமத்துப் பிள்ளைகளிடம் 2023இல் ‘ஏசர்’ கேட்டபோது, ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்த பையன்களில் 43.7 சதவீதம் பேரிடம் சொந்தப் போன் இருந்தது. பெண்களில் 19.8.

அதனால்தான் 2011இல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியதை நான் இலவசம் என்று இளக்காரம் செய்வதில்லை. பிள்ளையின் பெயரில் பிள்ளையின் கைக்கே வந்த பொருள் அது. பள்ளிப் படிப்பு முடியப்போகும் நேரத்தில் வந்தது என்பதுதான் என் குறை.

உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் மகள் விண்ணப்பம் போட வந்தால், நீங்களே நிரப்பிக் கொடுத்துவிடாதீர்கள். மவுஸ் அவள் கையில் இருக்கட்டும், போன் நம்பர் அவள் வீட்டினுடையதாக இருக்கட்டும். விருப்பப் பட்டியலைத் தப்பாகப் போட்டால் அழித்து மறுபடி போடட்டும். பட்டியலைப் பூட்டும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக் கலந்தாய்வுத் தளத்திலேயே வழி இருக்கிறது.